வில்பட்டி ரோட்டில் ஓடுகிறவள்

வில்பட்டியில் எங்கள் தெருவுக்கு வந்து, "ஓடிப்போனவ வீடு எது?" என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் தங்கமுத்து வீட்டைக் கைகாட்டிய காலம் ஒன்று இருந்தது. இப்போதும் அதே வீட்டைத்தான் காட்டுகிறார்கள். கேட்கிறவர்கள்தான் மாறிவிட்டார்கள். "அந்த ஓடுற அக்கா வீடு எதுங்க?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் ரோகிணி என்ன பாடுபட்டாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ரோகிணி தங்கமுத்துவின் தங்கை. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். அவளைப் பற்றிப் பேச எனக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? தெருவே என்னை அப்பத்தா என்றுதான் கூப்பிடும், அவளும் அப்படித்தான். "என்னயப் பத்திச் சொல்ல என்ன அப்பத்தா இருக்கு, விட்டுரு" என்றாள். நான் விடுவதாக இல்லை. அவளுக்குப் பெருமையாக இருப்பதை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கவும் போவதில்லை.

கல்யாண வயது வந்ததும் வராததுமாய், டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற ஒருவனோடு அவள் போய்விட்டாள். இங்கே பீன்ஸ் எடுப்புக்குப் போனவள் அப்படியே கொடைக்கானல் ஏரிக்கரைக்குப் போய் அவன் வேனில் ஏறிவிட்டாள் என்று ஊரே பேசியது. திண்டுக்கல் பக்கம் குடித்தனம். சில வருஷத்தில் அவன் வேறொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டான். இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு இவள் திரும்பி வந்து வாசலில் நின்றாள். தங்கமுத்து திட்டவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. பின்பக்கம் உருளைக்கிழங்கு மூட்டை போடுகிற அறையை ஒழித்து, கூட்டிக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். அவ்வளவுதான். அந்தக் குழந்தை, சின்னவள் சண்முகப்பிரியா, அந்த அறையில்தான் வளர்ந்தாள்.

அந்த நாளில் ரோகிணி எதையும் முழுசாய் முடித்தவள் இல்லை. தையல் பழகப் போனாள், ரவிக்கைக்குக் கை வைக்கப் பழகுவதற்குள் நின்றுவிட்டாள். செண்பகனூரில் ஒரு பேக்கரியில் சேர்ந்தாள், முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசினான் என்று அன்றைக்கே வந்துவிட்டாள். ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். நான் சுவரைத் தட்டுவேன். சத்தம் நின்றுவிடும். காலையில் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி தண்ணீர் பிடிக்க நிற்போம்.

கடைசியில் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போகலாம். அந்தப் பஸ் வில்பட்டிக்கு வரும்போதே ஆள் ஏற இடமிருக்காது. சில நாள் நிற்கவே நிற்காது. தாமதமாகப் போனால் அரைநாள் லீவு போட்டுவிடுவார்கள். ஒருநாள் பஸ் நிற்காமல் போனதும், அந்தக் கோபத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். பஸ் எப்போதோ மறைந்துவிட்டது. இவள் கால் மட்டும் நிற்கவில்லை. மூச்சு வாங்கினால் நடப்பாள், நடை சலித்தால் ஓடுவாள். அப்படியே லாட்ஜ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். மறுநாள் பஸ்ஸில் ஏற இடம் இருந்தும் ஏறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நேத்து என்னமோ நல்லா இருந்துச்சு அப்பத்தா" என்றாள், வெகு காலம் கழித்து.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளனே எழுந்து போவாள்; பஸ்ஸில்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். வழியில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களும் முதலில் தப்பாகத்தான் புரிந்துகொண்டார்கள். கொடைக்கானல் பக்கம் வளர்ந்த பொம்பளை ஒருத்தி ரோட்டில் ஓடிவந்தால் பின்னால் காட்டுமாடு வருகிறது என்று அர்த்தம். நாயுடுபுரத்தில் இவளைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக ஒருத்தி, "ஒத்த மாடா, கூட்டமா?" என்று கேட்டாளாம். "மாடெல்லாம் இல்லக்கா, சோலிக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே இவள் ஓடியிருக்கிறாள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் நிஜமாகவே மாடு வந்த அன்றும் கதவைச் சாத்தத் தாமதமாகிவிட்டது என்று இவள் பேரில் ஒரு குறை.

எங்களுக்குத் தெரிய வந்தது பிரசாந்தால். பிரசாந்த் பால் ஊற்றுகிறவன். பெரும்பாறை காப்பித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அப்போதுதான் இங்கே வந்திருந்தான். ஊர்க்கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. தங்கமுத்து வாசலில் பாலை அளந்துகொண்டே,

"அண்ணே, உங்க தங்கச்சி ஓடிப்போயிருச்சுண்ணே" என்றான்.

"என்னடா சொல்றே?"

"ஆமாண்ணே. இந்நேரம் அட்டுவம்பட்டி தாண்டிருக்கும். நான் கூப்பிட்டேன், திரும்பியே பாக்கலையே. கையில செருப்பத் தூக்கிக்கிட்டு என்னா வேகம்!"

அவன் பாவம், ஓடிக்கொண்டு போகிறது என்றுதான் சொல்ல வந்தான். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு, அதுவும் அந்த வீட்டு வாசலில், ஒரே அர்த்தம்தான். தங்கமுத்து கட்டிய கைலியோடு அவனுடைய குட்டியானை வண்டியைக் கிளப்பினான். பின்னால் மூன்று பேர் தாவி ஏறினார்கள். ஒருவன் கையில் மண்வெட்டிக் காம்பு. நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அடி விழுந்தால் குறுக்கே விழ ஒரு ஆள் வேண்டாமா?

அட்டுவம்பட்டி தாண்டி, மூடுபனிக்குள் அவள் முதுகு தெரிந்தது. தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். தங்கமுத்து வண்டியைக் குறுக்கே நிறுத்திக் குதித்தான்.

"எவன்டி அவன்?"

"எவன்?"

"கூட வந்தவன்! காட்டுக்குள்ள பூந்துட்டானா?"

"கூட யாருண்ணே வருவா? பஸ்ஸு நிக்கல. வெரசாப் போகலேன்னா லீவு போட்டுருவாக. அதான் ஓடுறேன்."

"தனியாவா ஓடுறே?"

"ஓடுறதுக்கு ஆளு வேற வேணுமா?"

மண்வெட்டிக் காம்பு வைத்திருந்தவன்தான் முதலில் சிரித்தான். "ஏலே தங்கமுத்து, மாப்பிள்ள யாருன்னு தெரிஞ்சுபோச்சு. கவர்மெண்டு பஸ்ஸுதான். விட்டுட்டுப் போனதும் அது, இவ வெரட்டிப் போறதும் அத."

எல்லோரும் சிரித்தார்கள். ரோகிணியும் சிரித்தாள். திரும்பி வந்ததிலிருந்து அவள் பல் தெரிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தங்கமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "ஏறு, கொண்டுபோயி விடுறேன்" என்றான். "பாதித் தூரம் வந்துட்டேன்ணே. மிச்சத்தையும் ஓடிட்டே போயிர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே மூஞ்சிக்கல்லில் கிபாயத்துல்லா பாய் செருப்புக் கடைக்குப் போனாள். எனக்கும் ஒரு செருப்பு வேண்டியிருந்ததால் நானும் கூட இருந்தேன்.

"பாய், ஓடுறதுக்குத் தோதா ஒரு ஷூ வேணும்."

பாய் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எதுக்குத் தாயி ஓடணும்? யாராச்சும் வெரட்டுறானா?"

"ஒருத்தரும் வெரட்டல. நானாத்தான் ஓடுறேன்."

"பொம்பளைங்க நடக்கற செருப்பு வச்சிருக்கேன், கல்யாணத்துக்குப் போடற செருப்பு வச்சிருக்கேன். ஓடற செருப்பு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே" என்றவர், ஏணியில் ஏறி, பள்ளிக்கூடத்துப் பையன்கள் டிரில்லுக்குப் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒன்றை எடுத்துப் போட்டார். அது அவளுக்குச் சரியாக இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அதன் அடி தேய்ந்து, உள்ளே வைத்த அட்டை வெளியே தெரிய, மறுபடி போனோம். பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இதப் போட்டு ஓடினியா, இல்ல ரோடு போட்டியா?" என்றார். அடுத்த தடவை மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனபோது, ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ ஒரு ஜோடி இவளுக்கென்றே வாங்கி வந்தார்.

ஓட்டம் அவளை என்ன செய்தது என்று எனக்கு விளக்கமாகச் சொல்லத் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரி சத்தம் நின்றது. படுத்தால் தூங்கிவிடுவாள். முன்பெல்லாம் சின்னவள் கணக்குத் தப்பாய்ப் போட்டால் நோட்டைப் பிடுங்கி எறிவாள். இப்போது, "சரி, மறுபடி முதல்ல இருந்து வா" என்பாள், எத்தனை தடவை என்றாலும். லாட்ஜில் ஒருநாள், தங்கியிருந்த ஒரு அம்மாவின் தோட்டைக் காணவில்லை. அறை கூட்டியவள் பேரில்தானே சந்தேகம் வரும்? பழைய ரோகிணியாக இருந்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வேலையை விட்டு வந்திருப்பாள். வந்திருந்தால் திருடி என்ற பேரும் ஒட்டியிருக்கும். இவள் போகவில்லை. "நான் எடுக்கல. எடுக்கலேன்னு தெரியற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, சலவைக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்த துணி அத்தனையையும் பிரித்து உதறினாள். காலையில் ஆரம்பித்துப் பொழுது சாய்கிற வரைக்கும் உதறினாள். ஒரு துண்டின் நூலில் தோடு மாட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்லங்க, உங்களுக்கும் பதட்டந்தான" என்றாளாம். இந்த நிதானம் இவளுக்கு எங்கேயிருந்து வந்தது? பிறவியில் கிடையாது, அது எனக்குத் தெரியும். அந்த வில்பட்டி ரோட்டில்தான் வந்திருக்க வேண்டும்.

அந்த லாட்ஜில்தான், மாசி மாதம் கொடைக்கானலில் நடக்கிற மலை ஓட்டத்தை நடத்துகிறவர்கள் தங்குவார்கள். ஏரியில் கிளம்பி, செண்பகனூருக்கு இறங்கி, மறுபடி மேலேறி, எங்கள் பக்கம் அட்டுவம்பட்டி வரைக்கும் வந்து திரும்பி ஏரியில் முடிக்க வேண்டும். ஓடுகிறவர்கள் கடக்கிற வரைக்கும் ரோட்டை வண்டிகளுக்கு அடைத்திருப்பார்கள். கடைசியில் ஒரு வேன் மெல்ல வரும். முடியாமல் உட்கார்ந்தவர்களை ஏற்றிக்கொள்ளும். இவள் வேலைக்கு ஓடிவருவதைப் பார்த்து, ஓட்டம் நடத்துகிறவர்களில் ஒரு அம்மா, நீயும் கலந்துகொள் என்று பேர் எழுதிவிட்டார்.

முதல் வருஷம் நடந்ததைச் சொல்லாதே என்றாள். சொல்லத்தான் போகிறேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கான்வென்ட் பிள்ளைகளோடு சேர்ந்து இவளும் பறந்தாள். செண்பகனூர் இறக்கத்தில் அப்படி ஒரு வேகம். திரும்பி ஏறும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். வேன் வந்தது, ஏறிவிட்டாள்.

மறுநாள் கேரட் கழுவுகிற இடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி, பேர் வேண்டாம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வேன்ல ஏறுறது அவளுக்கு என்ன புதுசா?" என்றாள். சிரிப்பு எழும்பியது. மூட்டை தூக்க வந்திருந்த தங்கமுத்து காதில் அது விழுந்துவிட்டது. அவன் மூட்டையைக் கீழே வைத்தான், மறுபடி தூக்கிக்கொண்டு போனான்.

அன்று ராத்திரி சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்கு எல்லாம் கேட்டது. கேட்டதும் எழுந்து அங்கேயே போய்விட்டேன்.

"போதும் ரோகிணி. இத்தோட நிறுத்திக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான் தங்கமுத்து. "ஊரு மறந்துபோன கதைய நீயே தட்டி எழுப்புறே."

"ஊரு எப்பண்ணே மறந்துச்சு?"

"எதுத்துப் பேசாத. சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். அடுத்த மாசிக்கு ஓடு. வேன்ல ஏறாம முழுசா முடிச்சுக் காட்டிட்டா, அப்புறம் நீ சாகற வரைக்கும் ஓடு, நான் ஏன்னு கேக்கல. ஏறிட்டேன்னா அன்னிக்கே ஷூவத் தூக்கிப் போட்டுட்டு, எல்லாரையும் மாதிரி பஸ்ஸுல போ, வா."

"நீ யாருடா அவ காலக் கட்டிப்போட?" என்றேன் நான்.

"அப்பத்தா, நீ கம்முனு இரு. ஊர் வாயில நான்தான கெடக்கேன்."

ரோகிணி என் கையைப் பிடித்தாள். "இருக்கட்டும் அப்பத்தா. அண்ணன் கேக்கறது நியாயந்தான். எத நான் முழுசா முடிச்சிருக்கேன்? இத முடிக்கிறேன். முடியலேன்னா நிறுத்திர்றேன்."

இருக்கிறது அவன் வீடு. அவள் சொன்னால் சொன்னதுதான். ஆக, அடுத்த மாசியில் வேனில் ஏறினால் அவளுக்கு ஓட்டம் இல்லை. அவள் கையில் தனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதைத்தான் அவள் பந்தயத்தில் வைத்தாள்.

அந்த ஒரு வருஷம் அவள் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனி ஆடிக் காற்றில் மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடக்கும், அதைத் தாண்டிப் போவாள். ஐப்பசியில் ஈரத்துணியோடு திரும்பி வருவாள். காய வைத்தாலும் காயாது, மறுநாள் அதே ஈரத்தை உடுத்திக்கொண்டு கிளம்புவாள். மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாய்க் கிடக்கும்போது அவள் வாயிலிருந்து புகை வரும். நடுவில் காய்ச்சல் கண்டு படுத்தாள். எழுந்து ஓடப் போனால், அட்டுவம்பட்டி கூட எட்டவில்லை. "எல்லாம் போச்சு அப்பத்தா, திரும்பவும் அ, ஆ-வுல இருந்து" என்றாள். எனக்கு அந்த அ, ஆ-வே தெரியாது, என்னிடம் சொல்கிறாள். ஆனால் மறுநாள் அட்டுவம்பட்டி வரைக்கும் போனாள். அதற்கு மறுநாள் அதைத் தாண்டிக் கொஞ்சம்.

முதல் வருஷம் அவளைக் கவிழ்த்தது எது என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். இறக்கத்தில் பறக்கக் கூடாது. மேட்டில் முழு மேட்டையும் அண்ணாந்து பார்க்கக் கூடாது. அடுத்த கரண்டுக் கம்பத்தைப் பார்க்க வேண்டும், அது வந்ததும் அதற்கடுத்தது. "ஏண்டி இப்படி உசுரக் குடுத்து ஓடுறே?" என்று ஒருநாள் கேட்டேன். "பஸ்ஸுல போறப்ப எல்லாரும் என்னயப் பாக்குறாக அப்பத்தா. ஓடுறப்ப நான் ரோட்டப் பாக்குறேன்" என்றாள்.

மாசி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். தங்கமுத்து வண்டி நிறையக் கேரட் ஏற்றிக் கிளம்ப, நான் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அட்டுவம்பட்டியில் ரோட்டை அடைத்திருந்தார்கள். அங்கே ஒரு டிரம்மைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் திரும்பிப் போவார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். ஒல்லி ஒல்லியாய்ப் பையன்கள் வந்து திரும்பினார்கள். வெகு நேரம் கழித்து ரோகிணி வந்தாள். முதலில் வந்தவர்களோடும் இல்லை, கடைசியும் இல்லை. முகத்தில் அவசரம் இல்லை. நெஞ்சில் நம்பர் எழுதின துணி குத்தியிருந்தாள். எங்களைப் பார்க்காமலேயே டிரம்மைச் சுற்றினாள். தங்கமுத்து வண்டியின் கயிற்றைச் சரி பார்க்கிற சாக்கில் இறங்கிப்போய், அவள் வளைவில் மறைகிற வரைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசி ஆளும் திரும்பியதும் வேன் அவர்கள் பின்னால் போனது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வரிசையையும் மெல்ல விட்டார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் எல்லா வண்டியும் நின்றது.

ரோட்டின் நடுவில் காட்டுமாடு. கருங்கல் மாதிரி ஒரு கடா, காலில் மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போல. பள்ளத்தில் இன்னும் நாலைந்து மேய்ந்துகொண்டிருந்தன. ஓட்டக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் இந்தப் பக்கம் சிக்கிக்கொண்டார்கள். வேன்காரர்கள் நல்லவர்கள். எல்லோரையும் ஏற்றி, மாட்டை ஒட்டி மெதுவாய்ப் போய், அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். இரண்டு நடை போயிற்று. ரோகிணி மட்டும் ஏறாமல், அங்கிருந்த சின்னப் பாலத்தின் கட்டைச் சுவர் ஓரத்தில் நின்றாள்.

வேன் பையன் கெஞ்சினான். "அக்கா, ஏறுங்கக்கா. நாலு எட்டுதான். இது ஒண்ணும் தோத்ததா ஆகாது. எல்லாரும் இப்படித்தான் போனாங்க."

"மாடு போகட்டும் தம்பி. நான் நிக்கிறேன்."

"அது எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்? நேரம் முடிஞ்சா மெடல் தர மாட்டாங்க."

"தராட்டிப் போகுது."

கால் இறுகிவிடக் கூடாது என்று நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்துக்கொண்டிருந்தாள். கடா அவளைப் பார்த்து மூக்கால் சீறியது. எனக்கு உயிரே இல்லை. "ஏறுடி சிறுக்கி!" என்று நானும்தான் கத்தினேன். தங்கமுத்து வண்டியிலிருந்து குதித்து ஓடினான்.

"ஏய் ரோகிணி! ஏறு வேன்ல!"

"ஏற மாட்டேன்."

"மாடு குத்திப்புடும்டி! நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். நீ ஏறினாலும் ஓடலாம். எத்தன நாளைக்கு வேணும்னாலும் ஓடு. அப்பத்தா சாட்சி. போதுமா? ஏறு!"

"நீ வாங்கிக்கிட்டே. நான் வாங்கலையே."

"என்னத்த வாங்கல?"

"நான் எனக்குச் சொன்னத."

தங்கமுத்து கொடுத்த தண்டனையை அவனே தூக்கிக்கொண்டு போகலாம். அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட வாக்கை எடுத்துக்கொண்டு போக அவனுக்கு வழியில்லை. அவனும் கட்டைச் சுவர் ஓரத்தில் அவள் பக்கத்தில் போய் நின்றான். வேன் கடைசியில் காலியாகவே போய்விட்டது.

பின்னால் டூரிஸ்ட் கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவன் ஹாரனை அழுத்த, அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் திரும்பி, "அடிக்காதீங்க, மெரளும்!" என்றார்கள். கடாவுக்கு எந்த அவசரமும் இல்லை. ரோட்டோரப் புல்லை ஒரு வாய் கடிக்கும், நம்மைப் பார்க்கும், மெல்லும். வெயில் மரத்துக்கு மேலே வந்துவிட்டது. எப்போது என்ன தோன்றியதோ, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுப் பள்ளத்தில் இறங்கியது. மற்றவையும் அதன் பின்னால் போயின.

ரோகிணி ஓட ஆரம்பித்தாள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. அவ்வளவு நேரம் நின்றதில் கால் விறைத்திருந்தது. நொண்டினாள். பிறகு நொண்டல் நடையாகி, நடை ஓட்டமானது. இப்போது ரோட்டில் அவள் ஒருத்திதான். பந்தயம் முடிந்து, பின்னால் அத்தனை வண்டியும் வருகின்றன. தங்கமுத்து குட்டியானையை நேராக அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். முதல் கியரில், இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு மினுக்க, உருட்டிக்கொண்டே வந்தான்.

"டேய், சந்தை கலைஞ்சிரும்டா. கேரட்டு?" என்றேன்.

"கெடக்கட்டும் அப்பத்தா."

பின்னாலிருந்த கார்க்காரன் தலையை வெளியே நீட்டினான். "ஏய், வண்டிய ஓட்டுறியா, தள்ளுறியா?"

"முன்னால ஆளு போறாக, தெரியல?"

"ஆளுன்னா ஓரமாப் போகச் சொல்லுய்யா!"

"அது என் தங்கச்சி" என்றான் தங்கமுத்து. "ஓரமாப் போகாது."

இத்தனை வருஷத்தில் அவன் வாயால் தங்கச்சி என்ற அந்த வார்த்தையை ஊர் ரோட்டில், நாலு பேர் கேட்கிற மாதிரி, அன்றைக்குத்தான் கேட்டேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. அவள் அடுத்த கரண்டுக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாயுடுபுரம் மேட்டில் ஒரு இடத்தில் நடந்தாள். நடந்ததை நடந்தாள் என்றுதான் சொல்வேன். இடுப்பில் கையை ஊன்றி நடந்துவிட்டு, மேடு முடிந்ததும் மறுபடி ஓடினாள்.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது காற்றடைத்த வளைவைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் போய்விட்டார்கள். மெடல் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ரோட்டில் சுண்ணாம்பால் போட்ட கோடு மட்டும் பாதி அழிந்து மிச்சமிருந்தது. ரோகிணி அந்தக் கோட்டைத் தாண்டி, நின்றாள். ஒரு பெண் ஓடிவந்து தண்ணீரும் வாழைப்பழமும் கொடுத்தது. ரோகிணி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் மூச்சு வாங்கினாள். நிமிர்ந்தபோது அழுதிருந்தாளா, வேர்வையா, நான் விசாரிக்கவில்லை. நேராக வண்டிக்கு வந்தாள்.

"அண்ணே, சந்தைக்கு நேரமாகலையா?"

"ஆச்சு."

"லோடு எறக்க ஆளு இருப்பாகளா?"

"இந்நேரம் போயிருப்பாக."

"வா, நான் எறக்குறேன்."

"உனக்குக் கால் நடுங்குதுடி."

"கால்தான நடுங்குது. கை சும்மாதான கெடக்கு."

சந்தையில் பாதிக் கடை காலியாகியிருந்தது. நெஞ்சில் குத்திய நம்பரோடு அவள் மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையைத் தங்கமுத்து பிடித்தான். நான் ஓரமாய் உட்கார்ந்து அவள் மிச்சம் வைத்த வாழைப்பழத்தைத் தின்றேன். அந்தப் பக்கமாக வந்த கிபாயத்துல்லா பாய், "என்ன தாயி, பரிசு கெடச்சுதா?" என்று கேட்டார். "முடிச்சிட்டேன் பாய்" என்றாள். அவர் குனிந்து அவள் ஷூவின் அடியைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் மதுரை போறேன்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

கடைசி மூட்டையை இறக்கும்போது தங்கமுத்து அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"நாளைக்கு எப்பக் கிளம்புவே?"

"வெள்ளனேதான். எப்பவும் போல."

"போறப்பக் கதவச் சாத்திட்டுப் போ. தெறந்து போட்டுட்டுப் போயிர்றே, வீடெல்லாம் குளுரு."